ஈர மண்ணில் வந்த முகங்கள்

எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது ஒரு எலி. பட்டப்பகலில், சமையலறை உத்தரத்திலிருந்து, நான் அரிசி களைந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சொத்தென்று விழுந்தது. விழுந்த எலி ஓடவில்லை. எழுந்து, குடித்தவனைப் போல் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு என் காலடிக்கு வந்து படுத்துக்கொண்டது. எலி மனிதரைத் தேடி வந்து படுப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். கல்யாணமாகி வேலூரிலிருந்து பெங்களூருக்கு வந்திருந்தேன். பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம், கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டாளத்து உடுப்புக் கிடங்கில் வேலை. பிளேக் வந்துவிட்டது என்ற பேச்சு ஊரில் சில வாரமாகவே இருந்தது. ரயிலில் வந்தது என்றார்கள், மூட்டையில் வந்தது என்றார்கள். எங்கள் சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டாத வீடுகளிலும் யாரும் உரக்கப் பேசவில்லை. உரக்கப் பேசினால் அதற்குக் கேட்டுவிடும் என்பதைப் போல.

எலியை அவர் முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் எரித்தார். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கிடங்கிலிருந்து மதியத்திலேயே திரும்பி வந்தார். கோட்டைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தன. "தொடையிடுக்குல ஏதோ நெருடுது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு வீடாகப் பிளேக் பார்க்கும் சோதனைக்காரர்கள் வந்தார்கள். டோலியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கூடவே ஓடினேன். "நீ அந்த வண்டியில ஏறும்மா, இது வேற இடம்" என்று ஒருவர் மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டினார். டோலியின் திரை காற்றில் விலகியபோது அவருடைய கால் மட்டும் தெரிந்தது. செருப்பு ஒரு காலில் இருந்தது, இன்னொரு காலில் இல்லை. வண்டி நகரும்போது பின்னால் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரைமேல் இரண்டு ஆட்கள் ஏறி ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நோய் போக வெயில் உள்ளே படவேண்டுமாம்.

*

என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் ஊருக்கு வெளியே, கேழ்வரகு அறுத்த வயல். தட்டிகளால் கட்டிய குடிசைகள் வரிசையாக நின்றன. நோய் கண்ட வீட்டு ஆட்களை, அவர்களுக்கும் வருகிறதா என்று பார்ப்பதற்காக வைக்கும் இடம் அது. என்னைப் போலத் துணையில்லாமல் வந்தவர்களுக்குத் தனிக் குடிசை. ஒவ்வொரு குடிசையையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சாப்பாடு கோட்டோரம் ஒரு கல்லின் மேல் வந்திருக்கும். வைத்தவர் தள்ளிப் போனபிறகு எடுத்துக்கொள்ளவேண்டும்.

காலையில் ஒரு நர்ஸம்மா வருவார். கை, கழுத்து, அக்குள் எல்லாம் தொட்டுப் பார்ப்பார். அந்த வயலில் மனிதக் கை என்மேல் படுவது அந்த ஒரு தடவைதான். நான் ஒவ்வொரு நாளும் கேட்பேன்: "அம்மா, எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" அவர் ஒவ்வொரு நாளும் சொல்வார்: "அது வேற ஆஸ்பத்திரி, எனக்குத் தெரியாதும்மா."

அவர் போனதும் என் கை ஆரம்பிக்கும். வலது கை இடது அக்குளுக்குப் போகும். இடது கை வலது அக்குளுக்குப் போகும். பிறகு தொடையிடுக்கு. பிறகு தாடைக்குக் கீழே. ஒன்றும் இல்லை என்று தெரிந்து கையை எடுப்பேன். எடுத்த கணமே, சரியாகப் பார்த்தேனா என்று தோன்றும். மறுபடி போகும். அழுத்தி அழுத்தி அக்குள் வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறதே, அப்படியானால் வந்துவிட்டதோ? கையைப் புடவைக்குள் முடிந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கை சும்மா இருந்தது. நெஞ்சு சும்மா இருக்கவில்லை. டமாரம் அடிப்பதைப் போல் அடித்துக்கொண்டது.

அங்கே இரவைவிட மதியம்தான் பயம். உச்சி வெயிலில் வரிசை முழுக்க ஆட்கள் இருந்தும் ஒரு சத்தம் இருக்காது. எல்லோரும் அவரவர் குடிசைக்குள் உட்கார்ந்து, நான் செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். திடீரென்று ஏதோ ஒரு குடிசையிலிருந்து ஒரு கத்தல் வரும். சிறிது நேரத்தில் டோலி வரும். டோலி போனபிறகு அந்தக் குடிசைக்குத் தீ வைப்பார்கள். தட்டி உலர்ந்தது, ஒரே மூச்சில் எரிந்துவிடும். மிஞ்சுவது ஒரு கறுப்புச் சதுரம், அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. நான் வந்தபோது வரிசையில் இரண்டு இடம் அப்படி இருந்தது. பிறகு பல் விழுவதைப் போல ஒவ்வொன்றாகக் கூடியது. என் பக்கத்துக் குடிசை இருந்த இடமும் நான் வருமுன்பே கறுத்துக் கிடந்தது. காற்று அடித்தால் அந்தச் சாம்பல் என் வாசலுக்குத்தான் வரும்.

*

ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. பெங்களூர் மழை சொல்லிக்கொண்டு வராது. வாசலைச் சுற்றி வெட்டியிருந்த வாய்க்கால் நிறைந்து தண்ணீர் உள்ளே வந்தது. இருந்த ஒரு பாயும் நனைந்துவிடும்போல் ஆனது. நான் வெறும் கையால் வாய்க்கால் ஓரத்து மண்ணை வாரி வாரி வாசலில் அணை போட்டேன். மேல் மண் செம்மண், விரலிடுக்கில் வழிந்துபோனது. இன்னும் ஆழத்தில் கை விட்டபோது வேறு மண் கிடைத்தது. சாம்பல் நிறம், வெண்ணெயைப் போல் குளிர்ந்த களிமண். அதைத்தான் பிடித்து வைத்தேன். நின்றது.

மழை விட்டபிறகுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் என் கை அக்குளுக்குப் போகவேயில்லை.

கையில் ஒரு உருண்டை மண் மிச்சம் இருந்தது. அதைக் கீழே போட மனம் வரவில்லை. உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது முதலில் சில்லென்று இருந்தது. உள்ளங்கைச் சூடு ஏற ஏற மென்மையானது. ஒரு மணல் துணுக்கு விரலில் நெருடியது. அதை எடுத்துப் போட்டேன். இன்னொன்று நெருடியது. அதையும் எடுத்தேன். மூக்கருகில் கொண்டுபோனால் அடிக்கிணற்று வாசனை வந்தது. அந்த வயலுக்கு வந்த நாள் முதல் பினாயிலும் புகையும் தவிர எனக்கு வேறு வாசனையே தெரியாமல் இருந்தது. மூச்சு தானாக நீளமாக வந்தது. அன்றைக்குக் கையில் மண்ணோடேயே தூங்கிப்போனேன்.

காலையில் பார்த்தால் அது உருண்டையாக இல்லை. ஒரு காது. மடலும் குழியும் துளையும் உள்ள, நிஜமான ஒரு காது. எப்போது அதைச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னா தங்கச்சி, மண்ணு துன்றியா?"

எதிர் வரிசையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தன் கோட்டுக்குள் ஒரு அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. அந்த வயலில் என்னிடம் சும்மா பேசிய முதல் ஆள் அவர்தான்.

"இல்லக்கா. சும்மா பிடிச்சுப் பார்க்கிறேன்."

"காமி."

தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஐய, காது! அதுக்கு இன்னா கேக்குதாம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபிறகு இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டோம், ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல.

*

அந்த அக்கா ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். நோய் வந்ததும் துரைசானி பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போய்விட்டாள். அக்கா தன் நாத்தனாரோடு இருந்த வீட்டுக்குத் திரும்பினார். நாத்தனார் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். இவரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இதையெல்லாம் அவர் எனக்கு வாய்க்காலைத் தாண்டிக் கத்தித்தான் சொன்னார். துக்கத்தைக் கத்திச் சொல்லும்போது அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. யாரோ காய்கறி விற்பதைப் போல் இருந்தது.

"மத்தியானத்துல என்னால முடியல தங்கச்சி," என்றார் ஒரு நாள். "நெஞ்சு பட்டுனு வெடிச்சிடும் போல கீது. பங்களாவுல குட்டிப்பாப்பா இருட்டுக்குப் பயந்தா, கண்ண மூடிகினு இன்னா இன்னா சத்தம் கேக்குதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுன்னுவேன். சொல்லிகினு இருக்க சொல்லவே தூங்கிடும். எனக்குச் சொல்லத்தான் ஆளு இல்ல. நீ சொல்றியா?"

அன்று முதல் மதியத்தில் எங்களுக்கு அதுதான் வேலை. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவோம்.

"பருந்து," என்பேன்.

"ரெண்டு பருந்து. ஒண்ணு குஞ்சு."

"தட்டி காத்துல உராயுது."

"ரயிலு. தூரத்துல."

"மைதானத்துல பட்டாளத்து பியூகிள் ஊதுது."

"உன் கையில மண்ணு சப்புனு சத்தம் போடுது. எனக்குக் கேக்குது."

கிட்டத்தில் உள்ள சத்தத்தில் ஆரம்பித்துத் தூரத்துக்குப் போவோம். அல்லது தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வருவோம். நடுவில் எங்கேயோ நெஞ்சின் அடிப்பு அடங்கியிருக்கும். சத்தங்களே இல்லாத வயல் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது சத்தம் நிறைந்த வயல். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் மற்றது கேட்கவில்லை, அவ்வளவுதான். பேசிக்கொண்டே என் கை மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கும். விரல்கள், கிண்ணம், பருந்து, செருப்பு என்று ஏதேதோ வந்தன. வாசலில் வரிசையாகக் காய வைத்தேன்.

ஒரு மதியம் அக்கா சொன்னார்: "அம்மி அரைக்கிற சத்தம்."

நான் உற்றுக் கேட்டேன். "எனக்குக் கேக்கலையே அக்கா."

"நல்லா கேளு. மெதுவா. இழுத்து இழுத்து அரைக்கிறா."

அந்த வயலில் அம்மி கிடையாது. சாப்பாடு வெளியிலிருந்து வண்டியில்தான் வரும். நான் அதைச் சொல்லவில்லை. பருந்து என்றேன். மறுநாளும் அம்மி என்றார். அதற்கு மறுநாள், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, கல்லோடு கல் உரசும் சத்தம் எனக்கும் கேட்டது. முன்னால் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு இழுப்பு, நடுவில் வளையல் சத்தம் சன்னமாக. நான் கண்ணைத் திறக்கவில்லை. கையிலிருந்த மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டேன். சத்தம் நிற்கும்வரை விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கண்ணைத் திறந்தபோது கையில் ஒரு முகம். ஒரு பெண்ணின் முகம். ஒட்டிய கன்னம், ஏறிய நெற்றி, வலது மூக்கில் பெரிய திருகு. வாய் சற்றே திறந்திருந்தது. யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் சந்தில் அப்படி ஒருத்தி இல்லை. வேலூரிலும் இல்லை.

"இன்னா செஞ்சே இன்னிக்கி?" என்று அக்கா கேட்டார்.

நான் தூக்கிக் காட்டினேன். அக்கா எழுந்து நின்றார். கோட்டு விளிம்புவரை வந்தார். சுண்ணாம்பில் அவருடைய கால்விரல் பட்டது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"அவளை நீ எப்பப் பார்த்தே?"

"யாரைக்கா?"

"என் நாத்தனாரு. மூக்குத் திருகு வரைக்கும் வெச்சிருக்கியே."

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். மண்ணைக் கீழே போடப் போனேன்.

"போடாதே!" என்று கத்தினார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டார். தழைந்த குரலும் எனக்கு நன்றாகக் கேட்டது. "வாயி மட்டும் மூடிடு தங்கச்சி. வாயத் தொறந்துகினேதான் போனா. மூட ஆளு இல்ல. என்னைத் தொட விடல. அதான் என்னால தூங்க முடியல."

நான் உட்கார்ந்து கீழுதட்டை மேலே தள்ளி மூடினேன். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி அழுத்தினேன். ஈர மண், உயிருள்ள உதட்டைப் போல் என் விரலுக்கு இணங்கியது. மூடியபிறகு அந்த முகம் தூங்குகிற முகமாக ஆயிற்று. எழுந்து போய், சாப்பாடு வைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன். காவலுக்கு இருந்த ஜமேதார் பார்க்காத நேரத்தில் அக்கா கோட்டைத் தாண்டி வந்து எடுத்துக்கொண்டு போனார். மடியில் வைத்துக்கொண்டு அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று மாலை அம்மிச் சத்தம் இல்லை. பிறகு எப்போதும் இல்லை.

*

நாங்கள் பேசியதை மற்றக் குடிசைகள் கேட்டிருக்கின்றன. "மண்ணுல ஆளு பிடிக்கிறா. அவ பிடிச்ச ஆளெல்லாம் செத்த ஆளு" என்று வரிசையில் பேச்சு ஓடியது. சிலர் என்னைப் பார்த்ததும் தட்டியை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு உள்ளேயே வந்தது. ஒரு பொழுதுசாயும் நேரம் கை ஏதோ பிசைந்துகொண்டிருந்தது. பார்த்தால் ஒரு ஆணின் நெற்றி, அடர்ந்த புருவம், இடப்பக்கம் லேசாக வளைந்த மூக்கு. என் வீட்டுக்காரரின் மூக்கு. கை அப்படியே நின்றுவிட்டது.

முகத்தை முடித்தால், அவர் செத்தவர் என்று ஆகிவிடுமா? கசக்கிப் போட்டால், நானே அவரைக் கசக்கியதாக ஆகிவிடுமா? பாதி முகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முடிக்கவும் முடியாமல் உடைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்த இடது கை மெல்ல எழுந்து வலது அக்குளுக்குப் போனது. பழைய ஆட்டம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

விடிந்ததும் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"மண்ணுதானே அது," என்றார்.

"அப்ப உங்க நாத்தனார்?"

அக்கா கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "அது எனக்குத் தெரியல தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா ஒண்ணு. பாதியில வெச்சிகினு இருக்கியே, அதான் உன்னைத் துன்னுது. முழுசா செய்யி. அவரு இன்னா உடுப்பு போட்டிருந்தாரு, எத்தினி பொத்தான், எல்லாம் நெனச்சிப் பார்த்துச் செய்யி. பயந்துகினே செய்யி, பரவால்ல."

பயந்துகொண்டே செய்தேன். அந்த நாள் முழுக்க அது ஒன்றுதான். அவருடைய காது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. கட்டிய மனைவிக்கு அவர் காது தெரியவில்லை! கண்ணை மூடி, அவர் சாப்பிட உட்காரும்போது பக்கவாட்டில் தெரிவதை நினைத்துப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தேன். கழுத்து மூடிய கோட்டு, அதன் பொத்தான்கள், சட்டைப் பையில் அவர் வைத்திருக்கும் பாக்குப் பொட்டலத்தின் புடைப்பு. குளிக்க வைத்த வெந்நீரில் கை விட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும்போது அவர் உதடு குவியும். அந்தக் குவிப்பும் வந்தது. டோலியில் பார்த்த செருப்பில்லாத காலை நினைத்துக்கொண்டு, இரண்டு காலிலும் செருப்புப் போட்டுவிட்டேன். முழங்கை உயரத்துக்கு ஒரு ஆள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து, அந்த வயலுக்கு வந்தபிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஜமேதார் வந்தார். தாடி வைத்த, உயரமான மனிதர். சுண்ணாம்புக் கோட்டை அழியாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. எப்போதும் அதட்டித்தான் பேசுவார். அன்று கோட்டுக்கு வெளியே தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏம்மா, எல்லாத்தையும் உடைச்சிப் போட்டுடு. ஜனங்க பயந்து டர்ர்றாங்க. மேலேருந்து ஹுக்கும், உத்தரவு."

"என் கையால முடியாது ஐயா."

அவர் என் வீட்டுக்காரரின் உருவத்தைப் பார்த்தார். பார்வையை உடனே திருப்பிக்கொண்டார். "அப்ப வெளிய வெச்சிடு. மழை பண்ணட்டும்," என்றார். போகத் திரும்பியவர் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் மூஞ்சி மட்டும் பண்ணிடாதேம்மா. சின்ன சின்னக் குழந்தைங்க இருக்கு."

எல்லாவற்றையும் வெட்டவெளியில் வைத்தேன். மூன்று மணிக்கெல்லாம் மேகம் கட்டியது. நான் வாசலில் உட்கார்ந்தேன், எதிரில் அக்கா உட்கார்ந்தார். வரிசை முழுக்கத் தட்டிகள் லேசாகத் திறந்திருந்தன. அத்தனை பேரும் பார்த்தார்கள். மழை இறங்கியது. பருந்தின் சிறகு முதலில் போனது. கிண்ணம் நிறைந்து தளர்ந்தது. அவருடைய புருவம் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. மூக்கு, உதடு, பொத்தான்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தணிந்து தரையாயின. நான் பார்வையை விலக்கவில்லை. மழை என் கால்விரலில் தெறிப்பதையும், களிமண் வாசனை எழுவதையும், கூரைத் தட்டியில் நீர் விழும் தாளத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னவோ உடைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் என் கைகள் இரண்டும் மடியில், விரித்தபடி, சும்மா கிடந்தன.

*

மறுநாள் மதியம் கண்ணை மூடிக்கொண்டு, "பருந்து," என்றேன். பதில் இல்லை. "அக்கா, இன்னா கேக்குது?" என்று அவரைப் போலவே கேட்டேன். பதில் இல்லை. கண்ணைத் திறந்தேன். அக்கா தன் வாசலில் சரிந்து கிடந்தார். முகம் சிவந்திருந்தது. நான் கத்தியதில் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

டோலியில் ஏற்றும்போது அவருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "ரயிலு. கிட்டத்துல," என்றார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையிலேயே உயிர் போய்விட்டது என்று நர்ஸம்மா சொன்னார். இந்த ஒரு செய்தி மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

குடிசையை எரித்தார்கள். நெருப்பு அடங்கியபிறகு சாம்பலை ஒதுக்கிய ஜமேதார் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். கழியால் ஏதோ ஒன்றை உருட்டி வெளியே தள்ளினார். நாத்தனாரின் முகம். நெருப்பில் வெந்து, செங்கல்லைப் போல் சிவந்து இறுகியிருந்தது. வாய் மூடியே இருந்தது.

"என்னம்மா பண்றது இதை?" என்று ஜமேதார் கேட்டார்.

"குழி தோண்டிப் புதைச்சிடுங்க ஐயா. தலை கிழக்கே பார்த்து வைக்கணும்னு சொல்வாங்களே, அவங்க வழக்கம் எனக்குத் தெரியல. நல்லபடியா வைங்க."

அவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே தோண்டினார். எனக்கு அன்றும் அதற்கடுத்த நாட்களும் பயம் இல்லாமல் இல்லை. பயம் வந்தால் சத்தங்களைத் தொட ஆரம்பிப்பேன், கிட்டத்திலிருந்து தூரத்துக்கு. அக்காவின் முறைக்கு இடம் விட்டு, அவர் சொல்லவேண்டியதையும் நானே சொல்வேன். மண்ணை எடுத்தேன், ஆனால் முகம் பிடிக்கவில்லை. அக்காவின் கைநகம் ஒன்று உடைந்திருந்தது நினைவு வந்தது. அந்தக் கையை மட்டும் செய்தேன்.

ஒரு காலையில் நர்ஸம்மா என் அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் உடனே எழுந்திருக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் பேரைக் கேட்டு வெச்சேன்," என்றார் மெதுவாக. "கட்டி உடைஞ்சு ஆறிட்டு வருதாம். நடக்க நாளாகும்." அதைச் சொன்னபோது மகிழ்ச்சியில் நான் குதிக்கவில்லை. எதிரில் இருந்த கறுப்புச் சதுரத்தைத்தான் பார்த்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லவேண்டிய ஆள் அங்கே இல்லை.

வீட்டில் கூரை இல்லை. உத்தரங்கள் எலும்புக்கூடாக நின்றன. சுவரெல்லாம் கண் கூசும் சுண்ணாம்பு. சந்தில் எங்கள் வீடு தவிர எல்லாம் பூட்டு. நான் பெருக்கி, கழுவி, அடுப்பு மூட்டிக் காத்திருந்தேன். சில வாரம் கழித்து அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். மொட்டைத் தலை, கையில் கோல். என்னைவிட லேசாக இருந்தார். உத்தரங்களின் நிழல் வரிவரியாக விழுந்த கூடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெகு நேரம் ஆகாயத்தையே பார்த்தார்.

"அங்க உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

"எனக்கும்," என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய காதைப் பார்த்தேன். நான் செய்தது கிட்டத்தட்டச் சரி. மடல் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளம்.

அப்போது சந்தின் முனையில் ஒரு குரல் கேட்டது. கூடைக்காரி. எத்தனையோ வாரமாக எங்கள் சந்துக்கு யாரும் விற்க வரவில்லை. "சொப்பு... சொப்பூ..." என்று கன்னடத்தில் கீரை கூவிக்கொண்டு, ஆளில்லாத வீடுகளின் முன்னாலும் நின்று நின்று வந்தாள். நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். அவள் கூடையை இறக்கினாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று, தண்டங்கீரையும் அரைக்கீரையும் வெந்தயக்கீரையுமாகக் கட்டுக் கட்டாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தேன். அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் கீரைதான்.